ஆசியக் கலை விழாக்களைத் தேடிப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓவியக் கண்காட்சிகளுக்கு ஆர்வத்தோடு போய்வருகிறவள் நான். ‘பினாலே’ என்ற சொல் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆசிய நாடுகளில் நடக்கும் இத்தகைய விழாக்களில் ஒன்றிரண்டையாவது நேரில் பார்த்துவிட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதே ‘பினாலே’ என்ற இத்தாலியச் சொல்லின் பொருள், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது ‘டிரினாலே’. வெனிஸ் நகரம் 1895இல் தொடங்கிவைத்த வழக்கம் இது. ஆசியாவுக்கும் இது நேற்று வந்ததன்று. புதுதில்லியில் லலித் கலா அகாதெமி 1968இலேயே சர்வதேச டிரினாலே ஒன்றை நடத்தியிருக்கிறது. டாக்காவில் ஆசியக் கலை பினாலே 1981இல் தொடங்கியது. ஷார்ஜா 1993இலும் தென்கொரியாவின் குவாங்ஜு 1995இலும் களத்தில் இறங்கிய பிறகுதான் உலகக் கலைஞர்களின் கவனம் இந்தப் பக்கம் வலுவாகத் திரும்பியது.

தொடங்குவதற்கு ஏற்ற இடம் கொச்சி என்பது என் உறுதியான கருத்து. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று, 2012ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் திறந்துவைத்த கொச்சி-முசிறிஸ் பினாலேயின் பெயரிலேயே, பொன்னோடு வந்த யவனர் கப்பல்கள் மிளகோடு திரும்பியதாகச் சங்கப் புலவர்கள் பாடிய சேரநாட்டுத் துறைமுகமான நம் முசிறி இருக்கிறது. பல பதிப்புகளுக்கு முதன்மை அரங்காக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ் ஒரு காலத்தில் மிளகும் இஞ்சியும் மஞ்சளும் கப்பலேறிய வணிக நிறுவனத்தின் கடலோரக் கட்டடத் தொகுதி. காரை உதிர்ந்த சுவர்களும் ஓட்டுக் கூரையும் கொண்ட அந்தக் கிடங்குகளில் ஒரு படைப்பை வைக்கும்போது, கடல் வணிகத்தின் வரலாறும் அதனோடு சேர்ந்து நின்றுவிடுகிறது. வெள்ளைச் சுவர் கொண்ட அரங்கில் இது வாய்க்காது.

ஆனால் அவசரப்பட்டுப் பயணச் சீட்டு எடுத்துவிட வேண்டாம். பெருந்தொற்றால் 2020இல் நடக்க வேண்டிய பதிப்பு 2022க்குத் தள்ளிப்போனது. அப்போதும் டிசம்பர் 12 என்று அறிவிக்கப்பட்டிருந்த திறப்பு, 23ஆம் தேதிக்கு மாறியது. எந்தப் பினாலேயாக இருந்தாலும் தொடக்க வாரத்தைத் தவிர்த்து, படைப்புகள் எல்லாம் முழுமையாக நிறுவப்பட்டு, திறப்பு விழாக் கூட்டமும் கலைந்த பிறகு போவதே நல்லது. கொச்சிக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். இளைய கலைஞர்களின் வேலையைக் காட்டும் மாணவர் பினாலேயையும் கட்டாயம் பாருங்கள். ஆறேழு ஆண்டுகளில் பெரிய அரங்குகளுக்கு வந்துசேரக்கூடியவர்களை அங்கே முன்கூட்டியே சந்தித்துவிடலாம்.

கேள்வி: இத்தகைய விழா ஒன்றுக்குப் போயிருந்தேன். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. சுவரில் இருந்த விளக்கக் குறிப்பைப் படித்த பிறகு குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. சமகாலக் கலையைப் பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டுமா?

பதில்: பயிற்சியைவிடப் பொறுமைதான் வேண்டும் என்று சொல்வேன். விளக்கக் குறிப்புகள் பல நேரங்களில் மற்றக் கலை விமர்சகர்களுக்காகவே எழுதப்படுகின்றன என்பதும் உண்மை. அது உங்கள் குறையன்று. முதலில் படைப்பைப் பார்த்து, அது உங்கள் உடலை என்ன செய்யச் சொல்கிறது என்று கவனித்துவிட்டு, அதன் பிறகு குறிப்பைப் படியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2016இல் தொடங்கிய கொச்சி பினாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீட்டா ஒரு நீண்ட கிடங்கின் தரை முழுவதும் கடல்நீரை நிரப்பியிருந்தார். பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, உடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்த நீருக்குள் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. எதிர்ச் சுவரில் இருந்த கவிதை வரிகளை அடைய வேறு வழியில்லை. 2015இல் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் ஒளிப்படம் உலகத்தையே உலுக்கியது. அதே கடலில் மூழ்கிய அவனுடைய அண்ணன் காலிப்புக்கு அப்படியொரு படம்கூட மிஞ்சவில்லை. அந்தச் சிறுவனுக்குத்தான் சுரீட்டா இந்தப் படைப்பைக் காணிக்கையாக்கியிருந்தார். ஓர் இடம் முழுவதையுமே படைப்பாக்கும் ‘நிர்மாணக் கலை’ என்றால் என்ன என்று தெரியாமல் உள்ளே நுழைந்தவருக்கும் நீர் காலைப் பிடித்து நடையைத் தாமதமாக்கியது தெரிந்திருக்கும். எதிர்க்கரை எட்டாத தொலைவில் இருப்பதுபோலத் தோன்றியிருக்கும். படைப்பின் பாதி அங்கேயே புரிந்துவிட்டது. மீதியைத்தான் குறிப்பு சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாளில் அறுபது படைப்புகளைக் கடந்துபோவதைவிட ஆறின் முன்னால் நிற்பது மேல். காணொளிப் படைப்புகளின் நேர அளவை வாயிலிலேயே பார்த்துக்கொண்டு, ஒன்றையாவது முதலிலிருந்து இறுதிவரை உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: ஜப்பானில் தீவுகள்தோறும் கலைப் படைப்புகளை நிறுவியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவ்வளவு தொலைவு போவதற்கு அது தகுமா?

பதில்: தகும். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வாய்ப்பு என்றால், கடல் கடந்து போவதற்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

செத்தோ உள்நாட்டுக் கடல் பகுதியில் 2010 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை செத்தோச்சி டிரினாலே நடக்கிறது. வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று மூன்று பருவங்களாகப் பிரித்து நடத்துவார்கள்; கோடையின் புழுக்கம் கடுமையானது என்பதால் மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விழாவின் இயக்குநர் கிதகவா ஃபுராம், இதற்கு முன்பே 2000இல், நீகாத்தா மாவட்டத்தின் மலைக் கிராமங்களில் எச்சிகோ-த்சுமாரி டிரினாலேயைத் தொடங்கியவர். இளைஞர்கள் வெளியேறி முதியவர்கள் மட்டுமே எஞ்சிய ஊர்களுக்கு மனிதர்களை மறுபடி வரவழைப்பதே இரண்டுக்கும் அடிப்படை நோக்கம்.

இந்தத் தீவுகளின் அழகைப் பேசுகிறவர்கள் அவற்றின் காயத்தையும் பேச வேண்டும். தெஷிமாவில் ஆண்டுக்கணக்கில் தொழிற்சாலைக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. ஊர் மக்கள் நெடுங்காலம் போராடி, 2000இல்தான் தீர்வு கண்டார்கள். அகற்றப்பட்ட கழிவு சுமார் 9 லட்சம் டன். ஓஷிமாவோ தொழுநோயாளிகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து அடைத்துவைத்த தீவு. இனுஜிமாவில் 1909இல் தொடங்கிப் பத்தே ஆண்டுகளில் மூடப்பட்ட செம்பு உருக்காலையின் இடிபாடுகள் 2008இல் அருங்காட்சியகமாயின.

தெஷிமா கலை அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு முற்பகலைக் கொடுங்கள். கலைஞர் நாய்தோ ரேயும் கட்டடக் கலைஞர் நிஷிசாவா ரியூவேயும் சேர்ந்து உருவாக்கியது அது. மண்ணைக் குவித்து அதன்மேல் கான்கிரீட்டை ஊற்றி, இறுகிய பின் உள்ளிருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ 40 மீட்டருக்கு 60 மீட்டர் பரப்பில், 25 சென்டிமீட்டர் கனத்தில், ஒரு தூண்கூட இல்லாமல் அந்த ஓடு நிற்கிறது. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் வெறுந்தரைதான் கண்ணில் படும். சற்று உற்றுப் பார்த்தால், நுண்ணிய துளைகளிலிருந்து நீர்த்துளிகள் முளைப்பது தெரியும். ஒரு துளி அசையாமல் இருந்து, திடீரென்று நழுவி ஓடி, மற்றொன்றோடு சேர்ந்து, சிறு குட்டையில் கலந்துவிடும். கூரையில் இருக்கும் இரண்டு பெரிய திறப்புகள் வழியாகக் காற்றும் மழையும் பறவைக் குரலும் தடையின்றி உள்ளே வரும். அங்கே ஒளிப்படம் எடுக்க அனுமதியில்லை. அந்த விதிக்கு நான் மனமார நன்றி சொல்வேன்.

நவோஷிமா தீவில், கட்டடக் கலைஞர் அன்தோ ததாவோ நிலத்துக்குள் புதைத்துக் கட்டிய சிச்சூ அருங்காட்சியகம் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியங்களை அங்கே இயற்கை ஒளியில் மட்டும் பார்க்கலாம். மேகம் கடந்தால் ஓவியத்தின் நிறமும் மாறும். அதற்கு நேரத்தைக் குறிப்பிட்டு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். படகு நேரங்களை முதலில் எழுதிக்கொண்டு, மற்றத் திட்டங்களை அவற்றைச் சுற்றி அமையுங்கள். கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான்.

கேள்வி: கலை விழாக்களில் அரசியல் மிகுந்துவிட்டதே. அழகை மட்டும் காட்டக்கூடாதா?

பதில்: அழகை எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் சில விழாக்கள் பிறந்ததே அரசியலிலிருந்துதான். இராணுவச் சட்டத்தை எதிர்த்து 1980 மே மாதம் குவாங்ஜு மக்கள் எழுந்தார்கள். படை அவர்கள்மேல் சுட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே நகரம் அந்த நினைவைச் சுமந்துகொண்டுதான் தன் பினாலேயைத் தொடங்கியது. அங்கே போகிறவர், எழுச்சியில் இறந்தவர்கள் அடக்கம் செய்யப்பட்ட மே 18 தேசியக் கல்லறைக்குப் போய்விட்டு அரங்குக்கு வந்தால், படைப்புகளின் குரல் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றாது.

கேள்வி: விழா நாட்களில் எனக்கு விடுமுறை கிடைப்பதில்லை. மற்றக் காலங்களில் போனால் பயன் உண்டா?

பதில்: உண்டு. 1999இல் திறக்கப்பட்ட ஃபுகுவோகா ஆசியக் கலை அருங்காட்சியகமும் 2015இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடமும் ஆசிய நவீனக் கலையின் போக்கைத் தொடர்ச்சியாகக் காட்டுபவை. செத்தோச்சித் தீவுகளின் அருங்காட்சியகங்களும் விழா இல்லாத ஆண்டுகளில் திறந்தே இருக்கும். வாராந்தர விடுமுறை இடத்துக்கு இடம் மாறுவதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தெஷிமாவின் கடற்கரையில், மறைந்த பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி உலகெங்குமிருந்து திரட்டிய இதயத் துடிப்புகளின் காப்பகம் இருக்கிறது. இருட்டறையில் யாரோ ஒருவரின் துடிப்புக்கேற்ப ஒற்றை விளக்கு எரிந்து அணையும். பக்கத்து அறையில் உங்கள் துடிப்பையும் பதிவுசெய்து வைத்துவிட்டு வரலாம்.