தெருவில் மழைநீர் வடிகால் கட்டிய பிறகும் ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதே, சென்னை மாநகராட்சியிடம் என்னதான் கேட்பது?

"வடிகால் கட்டுங்கள்" என்று கேட்டால் போதாது. "இந்த வடிகால் எங்கே போய் விழுகிறது, விழும் இடத்தின் மட்டம் என்ன" என்று கேளுங்கள்.

வேளச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீர் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் என்று சுற்றி முட்டுக்காட்டில்தான் கடலைத் தொடுகிறது. சதுப்புநிலம் நிரம்பி நின்றால் தெரு வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. தண்ணீர் வந்த வழியே திரும்பி ஏறும்.

அடுத்தது வாட்டம், அதாவது வடிகால் அடித்தளத்தின் சரிவு. 1000-க்கு 1 வாட்டம் என்றால் 500 மீட்டர் நீளத்துக்கு இறக்கம் வெறும் அரை மீட்டர். நடுவில் குடிநீர்க் குழாய் குறுக்கிட்டது என்று ஒரு துண்டின் அடித்தளத்தை 20 செ.மீ. தூக்கிக் கட்டினால், அதற்கு முந்தைய பகுதி தொட்டியாகிவிடும். வேலை நடக்கும்போதே பாருங்கள், மூடிபோட்ட பிறகு யாருக்கும் தெரியாது. முடிந்துவிட்டதென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போட்டு மட்ட விவரமும் வரைபடமும் வாங்கலாம்.

உங்கள் வாசல்படி ரோட்டைவிட எவ்வளவு தாழ்வு என்பதையும் அளந்து வையுங்கள். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் டியூப் மட்டம் போதும். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு தப்பாகிவிடும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே போடக்கூடாது என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் உத்தரவிட்டிருக்கிறார். 5 செ.மீ. வீதம் மூன்று முறை போட்டால் உங்கள் வீடு 15 செ.மீ. பள்ளத்தில் இறங்கிவிடும். ரோடு போட வரும் நாளில் அந்த அளவைக் காட்டிப் பேசுங்கள்.

ரோட்டுத் தண்ணீர் இறங்கும் இடத்திலுள்ள வண்டல் தொட்டிகளை அக்டோபர் தொடங்கும் முன்பே தூர்வாரச் சொல்லி மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து, புகார் எண் வாங்குங்கள். வாரிய சேற்றை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் மறுபடி புகார் செய்யுங்கள். முதல் மழைக்கே அது உள்ளே போய்விடும்.

தரைத்தளக் கழிவறை வழியாகச் சாக்கடை ஏறுகிறதா? வெளியே போகும் கடைசி சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (வெளியே மட்டும் விட்டு, திரும்பி வருவதைத் தடுக்கும் வால்வு) போடுங்கள். அது மூடியிருக்கும் நேரத்தில் மாடியில் யாரும் தண்ணீர் ஊற்றக்கூடாது. வெளியே போக வழியில்லாமல் அது கீழ்வீட்டுக் கழிவறையில்தான் பொங்கும்.