கேளுங்க, சொல்லுதேன்

கேள்வி: அண்ணே, ரோட்டுக்குள்ள சின்ன சென்சார் புதைச்சு, வயரே இல்லாம வண்டிய எண்ணுதாங்களாமே, கேமரா இல்லாம அதுக்கு எப்படி தெரியும்? பேட்டரி எத்தன நாளு நிக்கும்? தெனமும் ஆரல்வாய்மொழி வழியா பைக்குல போற எனக்கு இதால பிரயோஜனம் உண்டா?
– வாசகர், தோவாளை

பதில்: எல்லாம் காந்த வேலைதான் தம்பி. பூமிக்கு ஒரு காந்தப்புலம் இருக்குல்லா, மேல பஸ்ஸோ லாரியோ வந்தா அந்த இரும்பு அத லேசா வளைச்சு விடும், அந்த வளைவத்தான் சென்சார் புடிக்குது. நம்ம ஊரு காந்த நடுக்கோட்டுக்கு ரொம்ப பக்கம், புலம் தரையோட படுத்துதான் கெடக்கும் (1963ல மொத ராக்கெட் விட திருவனந்தபுரம் பக்கத்து தும்பாவ தேர்ந்தெடுத்ததும் இந்த கோட்டுக்காகத்தான்), அதனால மேல-கீழ மட்டும் பாக்காம மூணு திசையிலயும் அளக்குற சென்சாரா பாத்து வைக்கணும். 6 மீட்டர் இடைவெளில ரெண்டு புதைச்சா வேகமும் கெடச்சிரும், 0.4 செகண்ட்ல தாண்டுனா 54 கிலோமீட்டர் வேகம், நீங்களே பெருக்கி பாருங்க.

பேட்டரி வருஷக்கணக்குல நிக்கும். கரண்ட ஜாஸ்தி குடிக்கது ரேடியோதான், அத முக்காவாசி நேரம் தூங்க வச்சு, வண்டி போனா மட்டும் எழுப்பி பக்கத்து போஸ்ட்ல இருக்க பெட்டிக்கு ஒரு வரி தகவல் அனுப்பிட்டு மறுபடி படுக்க வச்சிருவாங்க.

ஆனா உங்க பைக்குல இரும்பு கம்மி, ஓரமா போனீங்கன்னா சென்சார் கோட்ட விட்டுரும். நம்ம ரோட்டுல பைக்குதான ஜாஸ்தி, அப்ப எண்ணிக்கையே தப்பாயிரும்லா, இத விக்க வாறவன் சொல்ல மாட்டான். என்னைக் கேட்டா ஆரல்வாய்மொழில வண்டி எண்ணுறத விட காத்த அளக்கணும். ஆடி மாசம் கணவாய் வழியா அடிக்க காத்து முப்பந்தல்ல கரண்ட் எடுக்க காத்தாடிக்கு லாபம், நமக்கு ஹேண்டிலே கையில நிக்காது. போஸ்ட்டுக்கு போஸ்ட் காத்து மீட்டர் வச்சு ஒரு கிலோமீட்டர் முன்னாலயே போர்டுல காட்டுனா மெதுவா போவோம்லா.

கேள்வி: பஸ்லதான் ஜிபிஎஸ் இருக்கே, அது போதாதா?
– வாசகி, வடசேரி

பதில்: பஸ் எங்க வருதுன்னு பாக்க போதும். பஸ்ல இருக்க அந்த ஜிபிஎஸ் கருவி (ஏஐஎஸ் 140ங்கது அதுக்கான இந்திய தரம்) மொபைல் நெட்வொர்க் வழியா சர்வருக்குத்தான் சொல்லும், முன்னால போற வண்டி சடார்னு பிரேக் போட்டா அது சர்வர் வரை போய் திரும்பி வார வரைக்கும் காத்திருக்க முடியுமா? அதுக்குத்தான் வண்டியும் வண்டியும் 5.9 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைல நேரா பேசிக்கிடும், எங்க இருக்கேன், என்ன வேகம், பிரேக் போட்டேனான்னு செகண்டுக்கு 10 தடவ. 60ல போற வண்டி ரெண்டு தகவலுக்கு நடுவுல 1.7 மீட்டர்தான் நகரும். ஆனா ரெண்டு வண்டிலயும் இப்படி பேசுற பெட்டி இருக்கணும், எதிர்ல வாற ஆட்டோல இல்லன்னா பழையபடி ஹார்ன் அடிச்சுட்டே வளைய வேண்டியதுதான்.