கால்வினின் அப்பாவுக்குப் பெயர் என்ன?

கேள்வி: 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' சித்திரத்தொடர் பத்து ஆண்டுகள் வந்தும் கால்வினின் பெற்றோருக்குப் பெயரே வைக்கப்படவில்லை. அடிக்கடி பேசப்படும் 'நூடுல்ஸ் விவகாரம்' என்னவென்றும் கடைசிவரை சொல்லவில்லை. இது படைத்தவரின் அசட்டைதானே? அந்தப் பெற்றோருக்குப் பெயர் சூட்ட வாசகர்களிடையே ஒரு போட்டி வைத்தால் என்ன? (வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: தொடரைப் படைத்த பில் வாட்டர்சன் மீது அசட்டை என்று குற்றம் சாட்டுவதற்கு முன், அந்தத் தொடரில் யாருக்கு எவ்வளவு பெயர் கொடுத்திருக்கிறார் என்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். வகுப்புத் தோழி சூசி டெர்கின்ஸுக்கு முழுப்பெயர் உண்டு. ஆசிரியை மிஸ் வர்ம்வுட்டுக்குக் குடும்பப் பெயர் மட்டும்தான். பெற்றோர் வெளியே போகும் இரவுகளில் கால்வினைப் பார்த்துக்கொள்ள வரும் ரோசலினுக்கும், பள்ளிக்கூட முரடன் மோவுக்கும் அந்த ஒற்றைப் பெயரோடு சரி. கால்வினைப் போன்ற ஆறு வயதுப் பையன் ஒருவன் யாரை எப்படி அறிந்திருப்பானோ, எப்படிக் கூப்பிடுவானோ, அந்த அளவுக்குத்தான் பெயர்கள் பங்கிடப்பட்டுள்ளன. அவனுக்கு அம்மா அம்மாதான், அப்பா அப்பாதான். கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்லாமலே ஆயுளைக் கழித்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இது இவ்வளவு பெரிய புதிராகத் தோன்றுவதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெயர் இல்லையே தவிர, அந்த அப்பாவைப் பற்றி நமக்குத் தெரியாதது குறைவு. அவர் காப்புரிமை வழக்கறிஞர். வாட்டர்சனின் தந்தைக்கும் அதே தொழில். கொட்டும் மழையில் கூடாரம் போட்டுத் தங்கினால் பிள்ளைக்கு மன உறுதி வளரும் என்று நம்புகிறவர். பழைய புகைப்படங்கள் ஏன் கறுப்பு வெள்ளையாக இருக்கின்றன என்று மகன் கேட்டால், அவை வண்ணப் படங்களேதான், அந்தக் காலத்தில் உலகமே கறுப்பு வெள்ளையாகத்தான் இருந்தது என்று முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் விளக்கம் சொல்கிறவர். இவருக்கு ராபர்ட் என்றோ ஜான் என்றோ பெயரிட்டிருந்தால் உங்களுக்குக் கூடுதலாக என்ன தெரிந்திருக்கும்?

வாட்டர்சன் இதற்கு விலையும் கொடுத்திருக்கிறார். 1988ஆம் ஆண்டில் அப்பாவின் சகோதரர் மாக்ஸ் என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்து கால்வின் வீட்டில் சில நாட்கள் தங்கவைத்தார். புதிய கதைகளுக்கு வழி பிறக்கும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் கூடப் பிறந்தவர் நேரில் வந்து உட்கார்ந்து பேசும்போது தம்பியையோ அண்ணனையோ பெயர் சொல்லி அழைக்காமல் எத்தனை கட்டங்களை நகர்த்த முடியும்? உரையாடல்கள் தடுமாறின. அந்த நெருக்கடியில் பெற்றோருக்குப் பெயர் வைத்துவிடுவது மிகச் சுலபமான வழியாக இருந்திருக்கும். அவரோ பெயரை வைக்காமல் மாக்ஸை ஊருக்கு அனுப்பிவைத்தார். அந்த மனிதர் அதன்பின் திரும்பவே இல்லை. 1995இல் வெளியான பத்தாம் ஆண்டு நிறைவுத் தொகுப்பில் வாட்டர்சனே இதை விளக்கியிருக்கிறார். வலியப் போய்ப் படைத்த ஒரு பாத்திரத்தையே பலி கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றுக்கு அசட்டை என்று பெயரிடுவது நியாயமல்ல.

நூடுல்ஸ் விவகாரத்துக்கு வருவோம். ஆசிரியையைச் சந்தித்துவிட்டு வரும் அம்மாவிடம், டீச்சர் என்ன சொன்னார் என்று கால்வின் மெல்ல விசாரிக்கிறான். படிப்பைப் பற்றிப் பேசினோம் என்கிறாள் அவள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. நூடுல்ஸ் பற்றிச் சொல்லிவிட்டார் அல்லவா என்று தானே வாயைக் கொடுத்து, அது நானில்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை, நான் நிரபராதி என்று கூச்சலிடுகிறான். எந்த நூடுல்ஸ் என்று கேட்கிறாள் அம்மா. அந்தக் கேள்வியில்தான் நகைச்சுவை முழுவதும் இருக்கிறது. நடந்தது இன்னதென்று அடுத்த கட்டத்தில் வரைந்து காட்டியிருந்தால், இவ்வளவுதானா என்று நாம் பக்கத்தைப் புரட்டியிருப்போம். வாசகர் மனத்தில் கற்பனை செய்துகொள்ளும் அட்டூழியத்துக்குத் தன் தூரிகை ஈடாகாது என்று வாட்டர்சன் கணித்தது சரியான கணிப்பு. கால்வினின் இணைபிரியாத் தோழன் ஹாப்ஸ் உயிருள்ள புலியா, பஞ்சுப் பொம்மையா என்பதை நீங்கள் கேட்காமல் விட்டதற்கு நன்றி.

இனி நீங்கள் சொன்ன போட்டி. சார்லஸ் ஷுல்ஸின் 'பீநட்ஸ்' சித்திரத்தொடரில் சிறுவன் சார்லி பிரவுன் ஏங்கி ஏங்கிப் பார்க்கும் செந்தலைச் சிறுமிக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. 1977இல் வந்த தொலைக்காட்சிப் படம் அவளுக்கு இரண்டையும் கொடுத்தது, பெயர் ஹெதர். பத்திரிகைத் தொடர் அதற்குப் பிறகு 2000ஆம் ஆண்டு வரை வந்தது. ஷுல்ஸ் அந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளவில்லை, அந்த முகத்தையும் வரையவில்லை. 1998இல் ஒரே ஒருமுறை அவளை நிழலுருவமாக மட்டும் காட்டினார். ஒரு படக்குழு கொடுத்த பெயருக்கே இந்தக் கதி என்றால், நம் வாசகர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும் பெயர் கால்வினின் அப்பாவுக்கு எப்படி ஒட்டும்? 1995 டிசம்பர் 31ஆம் தேதியோடு தொடரை முடித்துக்கொண்ட வாட்டர்சன், தன் பாத்திரங்களைப் பொம்மைகளாக விற்க யாருக்கும் உரிமை கொடுக்காதவர். அவர் கொடுக்காத உரிமையை இந்த இதழும் தானாக எடுத்துக்கொள்ளாது. போட்டி கிடையாது.