முள்ளோடை முதல் அயர்லாந்து வரை: எல்லை, வரி, கடத்தல் பற்றிக் கேள்வி பதில்

சென்னைத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் படிவம், போட்டுக்கொண்டிருந்தவன் நான். இப்போது ஓய்வு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜாகை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதால் (இதைத்தான் பிரெக்ஸிட் என்கிறார்கள்) எல்லை வியாபாரம் என்ன ஆச்சு, கடத்தல் பெருகுமா என்று ஒரு தம்பி கேட்டார். அவருக்குப் பதில் சொல்லப் போய் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். வந்த வரிசையில் சொல்கிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, திருப்பாதிரிப்புலியூர்: ஐயா, பிரிந்த பிறகும் இரண்டு பக்கமும் வரியில்லா ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்களே, அப்புறம் எதற்கு எல்லையில் லாரி நிற்கிறது?

நல்ல கேள்வி அம்மா. முதலில் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டெடுப்பு 2016 ஜூன் 23, வெளியேறியது 2020 ஜனவரி 31, பழைய விதிகளே ஓடிய இடைக்காலம் முடிந்தது அதே வருடம் டிசம்பர் 31. நிஜமான பிரிவு 2021 ஜனவரி 1-ல்தான் தொடங்கியது.

கூட்டுக்குடும்பம் பாகம் பிரிந்த கதைதான் இது. சேர்ந்திருந்தபோது தெருவாசல் ஒன்று. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு அங்கே ஒரே கணக்கு, உள்ளே வந்துவிட்டால் எந்த அறைக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பிரிந்த பிறகு ஆளுக்கொரு தெருவாசல். நடுச்சுவரில் ஒரு கதவு வைத்து, ‘உன் வீட்டில் சமைத்ததை இதன் வழியாகச் சும்மா அனுப்பு, கடையில் வாங்கியதை அனுப்பாதே’ என்று பேசிக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு பாத்திரத்தையும் ‘இது வீட்டில் சமைத்ததா’ என்று திறந்து பார்த்தாக வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பிறப்பிட விதி, ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையில் பெர்சி பிக் என்று ஒரு மிட்டாய் உண்டு. ஜெர்மனியில் தயாராகி, பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போகும். ஐரோப்பாவில் செய்து ஐரோப்பாவுக்கே திரும்பும் மிட்டாய்க்கு வரி கேட்கும் நிலை வந்தது, காரணம் நடுவில் பிரிட்டனில் அதன் மேல் எந்த வேலையும் நடக்கவில்லை. இது போக இறைச்சி, பால், செடி கொடிக்கெல்லாம் சுகாதாரச் சான்று தனி. வரி பூஜ்யம்தான், காகிதம்தான் பூஜ்யம் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், முத்தியால்பேட்டை: நம் புதுச்சேரியிலும் இப்படி ஒரு சுங்க வேலி இருந்ததாக என் அப்பா சொல்வார். உண்மையா?

உண்மைதான் சார், பிரெக்ஸிட் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். பிரெஞ்சு இந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் 1941-ல் ஒரு சுங்க ஒப்பந்தம் ஏற்பட்டது, ஏறக்குறைய ஒரே வாசல் கணக்கு. 1949-ல் இந்தியா அதை முடித்துக்கொண்டது. சுற்றிலும் சுங்கச் சாவடிகள் முளைத்தன. புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள், ஒரு கொம்யூனுக்கும் (பிரெஞ்சு நிர்வாகப் பிரிவு) இன்னொன்றுக்கும் நடுவில் தென்னார்க்காடு ஜில்லா கிராமம் வந்து நிற்கும். அந்தத் துண்டுகளைச் சுற்றி வேலி என்றால், மாமியார் வீட்டுக்குப் போகிறவர் மூட்டையும் சோதனைக்குத் தப்பாது.

கடத்தலும் உடனே செழித்தது. பிரெஞ்சுப் பக்கம் தங்கமும் வைரமும் கப்பலில் தடையில்லாமல் வந்து இறங்கும், இந்தியப் பக்கம் அதற்குக் கட்டுப்பாடும் விலையும் அதிகம். அந்த வித்தியாசம் இருக்கும்வரை வரப்பு வழியாக நடக்க ஆள் கிடைத்தார்கள். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோடு சேர்வது என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது, வேலிக்கும் வேலை போயிற்று.

வேலி போட்டதால் கடத்தல் வந்ததா, விலை வித்தியாசத்தால் வந்ததா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வித்தியாசத்தை விட்டுவிட்டு ஆபீசரை மட்டும் கூட்டினால், ஆபீசருக்கும் சேர்த்து விலை வைப்பார்கள், அவ்வளவுதான்.

ஐடி ஊழியர், லாஸ்பேட்டை: அயர்லாந்து எல்லையைப் பற்றி ஏன் அவ்வளவு சண்டை? வேலி போட்டுவிட்டுப் போகலாமே?

தம்பி, கொஞ்சம் பெரிய பதில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீவில் வடக்கு அயர்லாந்து என்கிற வடகிழக்கு மூலை பிரிட்டனோடு, மீதி அயர்லாந்துக் குடியரசு. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் கடக்கும் சாலைகள் மட்டும் 200-க்கு மேல். வயல் நடுவிலும் கோடு போகும். 1923 ஏப்ரலில் அங்கே சுங்கம் ஆரம்பித்தது. குறிப்பிட்ட சில சாலைகளில் மட்டும் சரக்கு போகலாம், மற்றதெல்லாம் அனுமதியில்லாச் சாலை. இரண்டாம் உலகப்போரில் இரண்டு பக்கமும் ரேஷன், ஆனால் தட்டுப்பாடு வேறு வேறு: தெற்கே தேயிலை வாரத்துக்கு அரை அவுன்ஸ் வரை இறங்கியது, வடக்கே வெண்ணெய்க்குத் திண்டாட்டம். கேட்கவா வேண்டும், தேயிலை தெற்கே நடந்தது, வெண்ணெய் வடக்கே நடந்தது. ஊர்ப் பெண்கள் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு ரயிலில் போவார்கள், யாரும் அதைத் திருட்டாக நினைத்ததில்லை.

எனக்குப் பிடித்தது பன்றிக் கதை. இரண்டு நாடும் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகு, விவசாயக் கொள்கைப்படி எல்லை தாண்டும் பன்றிக்கு ஒரு பக்கத்தில் ஈட்டுத்தொகை கிடைத்தது. லாரியில் பன்றியை முறைப்படி சாவடி வழியாகக் கொண்டுபோய்க் காசை வாங்குவது, ராத்திரி பின்வழியாக அதே பன்றிகளைத் திருப்பிக் கொண்டுவருவது, மறுபடி முன்வழி. அந்தப் பன்றிகளுக்கு வழி மனப்பாடமாகியிருக்கும். ஆக, கூட்டமைப்புக்குள் இருந்தால் கடத்தல் இருக்காது என்பதும் சரியில்லை.

1993-ல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சாவடிகள் போயின. 1998 ஏப்ரலில் பெல்ஃபாஸ்ட் சமாதான ஒப்பந்தம், அதற்கப்புறம் ராணுவக் காவல் கோபுரங்களும் போயின. முப்பது வருடம் ரத்தம் சிந்திய மண் அது, சாவடிகளே தாக்கப்பட்டிருக்கின்றன. மறுபடி அங்கே ஒரு கம்பமோ கேமராவோ நட யாருக்கும் மனசில்லை. அதனால் எல்லைக்கோட்டைத் தூக்கிக் கடலில் போட்டார்கள்: வடக்கு அயர்லாந்து பொருள் விஷயத்தில் ஐரோப்பிய விதியிலேயே இருக்கும், சோதனை, பிரிட்டனிலிருந்து வரும் கப்பல் வடக்கு அயர்லாந்தில் போய்ச் சேரும் துறைமுகத்தில். அதற்கும் சண்டை வந்து, 2023 பிப்ரவரியில் வின்ட்சர் ஏற்பாடு என்று ஒரு திருத்தம். வடக்கிலேயே விற்றுத் தீரும் பொருளுக்குப் பச்சைத் தடம், தெற்கே போய்விடக்கூடிய பொருளுக்குச் சிவப்புத் தடம். பால், இறைச்சிப் பொட்டலத்தின் மேல் ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல’ என்று அச்சடிக்கிறார்கள். நாம் சில பொருளில் ‘தமிழ்நாட்டில் மட்டும் விற்பனைக்கு’ என்று பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

பெயர் வேண்டாம், ரெட்டிச்சாவடி பக்கம்: அண்ணே, ஜிஎஸ்டி வந்தும் நம்ம சரக்கை மட்டும் ஏன் ஆல்பேட்டைச் சாவடியில் பிடிக்கிறார்கள்?

வந்துட்டீங்களா! எந்தச் சரக்கு என்று புரிகிறது. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-ல் வந்ததும் மற்ற சரக்குக்கெல்லாம் சாவடி இல்லாமல் போனது. குடிக்கும் மதுவும், பெட்ரோல் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே, அந்தந்த அரசு தனித்தனியாக வரி போடுகிறது. அதனால்தான் புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் ஒரு விலை, பாலம் தாண்டிக் கடலூர் வந்தால் ஒரு விலை. மதுவிலக்குச் சட்டப்படி வழக்கும் உண்டு, வண்டியும் போகும். மற்றபடி நான் வழி சொல்லித்தர மாட்டேன்.

படகு வைத்திருப்பவர், தேவனாம்பட்டினம்: டீசலும் அங்கே கடத்துகிறார்களா?

பிரெக்ஸிட்டுக்கு ரொம்ப முன்னாலிருந்தே. விவசாயத்துக்கு வரி குறைத்து விற்கும் டீசலில் சாயம் கலப்பார்கள், பிரிட்டனில் சிவப்பு, அயர்லாந்தில் பச்சை. சாதாரணக் காரில் அந்த நிறம் இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். உடனே சாயத்தைப் பிரித்தெடுக்கும் சலவை ஆலைகள் எல்லையோரக் கொட்டகைகளில் முளைத்தன. மிஞ்சும் கசடை ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். 2015-ல் இரண்டு நாடும் சேர்ந்து எளிதில் பிரிக்க முடியாத புது அடையாளப் பொருளைக் கலந்த பிறகு அது வெகுவாக அடங்கியது. பாருங்கள், வேலி எதுவும் போடவில்லை.

முந்திரி வியாபாரி, பண்ருட்டி: எனக்கு இதில் என்ன சார் இருக்கிறது? நான் ஏற்றுமதி செய்கிறவன், கடத்தல்காரன் இல்லையே.

உங்களைத்தான் முதலில் கேட்பார்கள். இன்றைய கடத்தலில் பெரும்பகுதி ராத்திரி மூட்டை தூக்குவதில்லை, பகலில் காகிதத்தில் நடக்கிறது. நம் அனுபவமே உண்டு: இலங்கையோடு 1998-ல் கையெழுத்தாகி 2000-ல் நடைமுறைக்கு வந்த வரிச்சலுகை ஒப்பந்தத்தில், வேறு நாட்டு மிளகு இலங்கை மிளகாக வேஷம் போட்டு வருகிறது என்று நம் விவசாயிகள் கத்தினார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைக்க வேண்டியதாயிற்று. ‘சான்றிதழ் இருக்கிறது, எனக்கு வேறெதுவும் தெரியாது’ என்று இறக்குமதியாளர் கையை விரிக்க முடியாதபடி 2020 செப்டம்பரில் தனி விதியும் வந்தது. எங்கள் மேஜைக்கு வந்த ஒரு பார்ட்டி, சான்றிதழில் ஒரு நாடு, சாக்கில் இன்னொரு நாடு என்று ஃபைலைக் கொண்டுவந்து நீட்டினார். சாக்கின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை அவருக்கு!

இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24-ல் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. நீங்கள் உடைப்பதில் எவ்வளவு நம் ஊர்க் கொட்டை, எவ்வளவு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று இப்போதிருந்தே லாட் வாரியாகத் தனிக்கணக்கு வையுங்கள். ஆப்பிரிக்கக் கொட்டையை இங்கே உடைத்தால் அது இந்தியப் பருப்பாகுமா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், பொருள்வாரியான விதி பின்னிணைப்பில் இருக்கும். உங்கள் ஏஜென்டை அதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

இல்லத்தரசி, குருசுக்குப்பம்: அண்ணா, எங்க மாமனார் பக்கம் எல்லாம் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த) குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை, பாரீஸில் இருக்கிறார்கள். நாத்தனார் பொண்ணு லண்டனில். ரயிலில் போகும்போது நெய், மட்டன் வறுவல் எடுத்துப்போகலாமா?

கூடாதும்மா. லண்டனிலிருந்து பாரீஸுக்கு இறைச்சியும் பால் பொருளும் 2021 ஜனவரியிலிருந்தே தடை. அந்த மாதம் நெதர்லாந்துத் துறைமுகத்தில் ஒரு லாரி டிரைவரின் ஹாம் சாண்ட்விச்சையே பிடுங்கிவைத்துக்கொண்டார்கள், டிவியில் எல்லாரும் பார்த்துச் சிரித்தோம். எதிர்த்திசையில், பாரீஸிலிருந்து லண்டனுக்கு, கால்நடைக் கோமாரி நோயால் 2025 ஏப்ரல் 12 முதல் ஆடு, மாடு, பன்றி இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் பிரிட்டன் தடை போட்டது. நெய்யும் பால் பொருள்தான். கிளம்பும் நாளில் என்ன விதி இருக்கிறது என்று அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரெஞ்சு அடையாள அட்டையைக் காட்டி லண்டன் போன காலமும் போய்விட்டது, இப்போது பாஸ்போர்ட் வேண்டும், அதோடு முன்கூட்டியே வாங்கும் மின்னணு அனுமதியும் வேண்டும்.

நெய்யை ஊரூராகச் சுமக்க வேண்டாம், பாரீஸ் லா ஷப்பல் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கும். இட்லிப் பொடி கொடுத்தனுப்புங்கள்.