யானை மண்டையில ஒத்தக்கண்ணா? பழைய எலும்பு பத்தின கேள்விகளுக்குப் பதில்

திருக்கோவில் தம்பி: சேர், எங்கட வயலுக்குப் பின்னால காட்டுக்கரையில ஒரு பெரிய மண்டையோடு கிடக்கு, நடுவுல பெரிய ஓட்டை. ஒத்தக்கண் அரக்கன்ட தலை எண்டு அப்பப்பா சொல்றார்.

பதில்: யானைதான் தம்பி. அந்த ஓட்டை கண் இல்ல, மூக்கு, தும்பிக்கை அதிலதான் பொருந்தியிருக்கும், தும்பிக்கையில எலும்பே இல்லாததால உக்கின பிறகு ஓட்டை மட்டும் மிஞ்சும். மெய்யான கண்குழி ரெண்டும் பக்கவாட்டுல, சட்டெண்டு தெரியாது. மேல்வாய்ப் பல்லைக் குனிஞ்சு பாருங்க, தேய்ஞ்ச முகத்துல குறுக்கால வரி வரியா ஓடும். அப்பப்பாவோட மல்லுக்கு நிக்காதீங்க, சிசிலித் தீவுல கிடந்த குள்ள யானை மண்டைகள்தான் கிரேக்கரிட ஒத்தக்கண் அரக்கன் கதைக்குக் காரணமா இருக்கலாமெண்டு ஆபெல் எண்ட ஆஸ்திரிய ஆய்வாளரே 1914ல எழுதினவர். நிரூபிக்க ஏலாது, ஆனா மண்டையப் பார்த்தா ஏன் அப்படித் தோணிச்செண்டு விளங்கும். மறுகா, அதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாம வனஜீவராசி ஒபிசுக்குச் சொல்லுங்க.

ஏறாவூர் தங்கச்சி: படிச்ச ஆக்களும் இப்படிப் பிழை விட்டிருக்காங்களா சேர்?

பதில்: நல்லா விட்டிருக்காங்க மகள். சூரிச்சுல ஷொய்க்சர் எண்டு ஒரு டொக்டர், மனுச எலும்பு தெரியாத ஆளில்ல, 1726ல கல்லுல பதிஞ்ச ஒரு எலும்புக்கூட்டை நோவா காலத்து வெள்ளத்துல செத்த மனுசன் எண்டே எழுதிட்டார், பைபிள்ல உள்ளதுக்குச் சாட்சி வேணுமெண்ட ஆசை அவருக்கு. 1811ல குவியே எண்ட பிரெஞ்சு உடற்கூற்று நிபுணர் நெதர்லாந்துல ஹார்லெம் மியூசியத்துல அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாச் செதுக்கினார், உள்ளுக்க இருந்து முன்னங்கால் வெளிய வந்திச்சு. அது ராட்சத சலமாந்தர், பல்லி மாதிரி உருவம், ஆனா தவளைக்கு உறவு. செதுக்க முந்தியே இன்னது வருமெண்டு சொல்லிட்டுத்தான் செதுக்கினவர், எனக்கு அதுதான் பெரிய விசயம்.

வாழைச்சேனை அண்ணன்: காசுக்காக வேணுமெண்டே செஞ்சதும் இருக்கா?

பதில்: இருக்கு அண்ணன். 1845ல அமெரிக்காவுல கொக் எண்டவர் 114 அடி கடல்பாம்பு எண்டு டிக்கட் போட்டுக் காட்டினார். வைமன் எண்ட உடற்கூற்று நிபுணர் பார்த்திட்டு, பல்லுக்கு ரெண்டு வேர் இருக்கு, பாம்புக்கு அப்படி வராது, இது பாலூட்டி எண்டார், முதுகெலும்பும் ஒரே மிருகத்திட இல்ல. ஆதி காலத்துத் திமிங்கிலங்களிட எலும்பைக் கோத்து நீட்டியிருந்தது.

அக்கரைப்பற்று தம்பி: எங்கட பக்கம் டைனோசர் எலும்பு கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இஞ்ச அடியில உள்ளது டைனோசருக்கு மிச்சம் முந்தின உருமாறின பாறை. பழைய எலும்பு பார்க்க ஆசையெண்டா இரத்தினபுரியப் பத்தி வாசிங்க, மாணிக்கக் குழிச் சரளையில நீர்யானையும் காண்டாமிருகமும் வந்திருக்கு, தெரணியகல எண்ட இலங்கை ஆய்வாளர் அதுகளுக்குப் பேர் வச்சு எழுதியிருக்கார்.