பெரியவர் யார், சேர்மனா சி.இ.ஓ.வா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சேர்மன் ஒருவர், எம்.டி. (நிர்வாக இயக்குநர்) ஒருவர், போதாததற்கு இப்போது புதிதாக ஒரு சி.இ.ஓ. (தலைமைச் செயல் அதிகாரி) வேறு. இதில் யார்தான் பெரியவர்?

பதில்: விசிட்டிங் கார்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. யார் யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று பாருங்கள். பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த இயக்குநர் குழுதான் சி.இ.ஓ.வை நியமிக்கிறது, சம்பளம் பேசுகிறது, சரிப்பட்டு வராவிட்டால் கழற்றியும் விடுகிறது. குழுவின் கூட்டத்தை நடத்துபவர் சேர்மன், பொதுவாக அன்றாட நிர்வாகம் அவர் வேலை இல்லை (ஏ.சி. ரிப்பேர் வரை விசாரிக்கிற சேர்மன்களும் உண்டு, அது வேறு கதை). எம்.டி. குழுவிலும் உட்காருவார், நிர்வாகத்தையும் பார்ப்பார். சி.இ.ஓ. குழுவில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. பல இடங்களில் இந்த இரண்டு பதவியும் ஒருவருக்கே. உங்கள் இடத்தில் இரண்டு பேர் என்றால், சி.இ.ஓ. யாரிடம் கணக்குச் சொல்கிறார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: சேர்மனும் சி.இ.ஓ.வும் ஒரே ஆளாக இருந்தால் என்ன தப்பு? முடிவுகள் சீக்கிரம் வருமே?

பதில்: வரும்தான். ஆனால் தன்னைக் கேள்வி கேட்க வேண்டிய கூட்டத்துக்குத் தானே அஜெண்டா போடுவார், எதை எவ்வளவு நேரம் பேசுவது என்பதும் அவர் கையில்தான். கம்பெனிகளை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1992-ல் வந்த கேட்பரி அறிக்கை இதனால்தான் அதிகாரம் ஒரே ஆளிடம் குவியக் கூடாது என்றது. அதற்காக, பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் திவாலான 2001-லேயே சில மாதங்கள் சேர்மன் ஒருவர், சி.இ.ஓ. இன்னொருவர் என்றுதான் இருந்தது. முந்நூறு பக்க போர்டு பேப்பர் (இயக்குநர்கள் படித்துவிட்டு வர வேண்டிய ஆவணம்) கூட்டத்துக்கு முந்தின ராத்திரி கைக்கு வந்தால், நிர்வாகத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத எப்பேர்ப்பட்ட சுயாதீன இயக்குநரும் மறுநாள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கத்தான் போவார். எனக்கென்னவோ, பதவிப் பெயரைவிட அந்தப் பேப்பர் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம்.

கேள்வி: கையில் இருப்பது பத்தே பத்து பங்கு. ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: தனியாக ஒன்றும் ஆகாது. பெரிய ஃபண்டுகளும் அதே பக்கம் சாய்ந்தால் கதை வேறு. டிஸ்னியில் சேர்மனும் சி.இ.ஓ.வுமாக இருந்த மைக்கேல் ஐஸ்னர் 2004-ல் மறுபடி இயக்குநராக ஓட்டுக்கு நின்றபோது, சுமார் 43 சதவீத ஓட்டு அவருக்கு ஆதரவாக விழவில்லை. தோற்கவில்லை, ஆனாலும் அன்றைக்கே சேர்மன் பதவியை இயக்குநர் குழு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது, அவர் சி.இ.ஓ.வாக மட்டும் 2005 வரை நீடித்தார். நிறுவனர் கையிலேயே பாதிக்கு மேல் ஓட்டு இருக்கிற கம்பெனி என்றால் மட்டும், பிடிக்காவிட்டால் பங்கை விற்றுவிட்டுக் கிளம்புங்கள்.