மத்தியானம் விசிலடிக்கும் றேடியோ
புறக்கோட்டையில் பாகங்கள் வாங்கிச் செய்த ரீஜெனரேட்டிவ் றேடியோ (பெருக்கிய சிக்னலில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே ஊட்டி மேலும் பெருக்கும் வகை) காலையில் நன்றாகக் கேட்கிறது, மத்தியானம் விசிலடிக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயாஸைத்தான், அதாவது திரான்சிஸ்டரை வேலை நிலையில் வைக்கும் மின் அமைப்பைத்தான், முதலில் சந்தேகிப்பேன். திரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள். பற்றரியிலிருந்து பேஸுக்கு ஒரே தடையி போட்டிருந்தால், கலெக்டர் மின்னோட்டம் திரான்சிஸ்டரின் பெருக்கத்தையே நம்பியிருக்கும். பீசீ 547 வகைத் திரான்சிஸ்டரில் அந்தப் பெருக்கம் 110 முதல் 800 வரை எதுவாகவும் இருக்கலாம். கொழும்பு வெக்கையில் சூடேற இன்னும் கூடும். இந்த வகை றேடியோ அலைவின் (தானாகவே சிக்னல் உண்டாக்கத் தொடங்கும் நிலையின்) விளிம்பில் நின்றால்தான் நன்றாகக் கேட்கும். மின்னோட்டம் சற்றுக் கூடினாலே விளிம்பைத் தாண்டிவிடும், அதுதான் அந்த விசில்.

சரி, 9 வோல்ற் பற்றரி என்றால் அந்த ஒரே தடையிக்குப் பதிலாக, பற்றரியின் பிளஸிலிருந்து பேஸுக்கு 47 கிலோ ஓம், பேஸிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம், எமிட்டரிலிருந்து மைனஸுக்கு 1 கிலோ ஓம் தடையிகள் போடுங்கள். கலெக்டர் மின்னோட்டம் சுமார் 0.9 மில்லி அம்பியரில் நிற்கும். சூட்டில் அது அதிகரிக்கப் பார்த்தால், எமிட்டர் வோல்ற்றளவும் ஏறி அதை அடக்கிவிடும். அப்புறம் ரீஜெனரேஷன் குமிழை (திரும்ப ஊட்டும் அளவை மாற்றும் குமிழை) புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.